அடுப்பங்கரை விஞ்ஞானம்: மாமியார் கலந்த சாம்பல்

திருத்தணியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாம் என்று அடிக்கோடிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஏன் அப்படிக் கேட்டுக்கொண்டார் என்பது விஷயத்தைச் சொன்னால் உங்களுக்கே விளங்கிவிடும்.

அவர் வீட்டில் காஸ் அடுப்பு இருக்கிறது. இருந்தாலும் கொட்டகையில் இரண்டு எருமைகளும் ஒரு பசுவும் நிற்பதால், குளிக்க வெந்நீர் போடுவதும், பால் காய்ச்சுவதும் புழக்கடையில் உள்ள வறட்டி அடுப்பில்தான். வறட்டி தட்டும் பொறுப்பு மாமியாருடையது. அந்த அம்மாள் சாணத்தைப் பிசையும்போது, முதல் நாள் அடுப்பில் அள்ளிய சாம்பலையும் இரண்டு கை போட்டுப் பிசைகிறாராம். "எரிந்து தீர்ந்துபோனதுதானே சாம்பல்? அது இன்னொரு தடவை எரியுமா? அதைக் கலந்தால் வறட்டியின் சூடு குறையாதா?" என்பது மருமகளின் கட்சி. "சாம்பல் சேர்ந்தால்தான் நெருப்பு நின்று எரியும், உனக்கென்ன தெரியும்?" என்பது மாமியாரின் கட்சி.

கடிதத்தின் கடைசியில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. போன கோடையில் அந்த அடுப்பிலிருந்து ஒரு பொறி பறந்து மாட்டுக் கொட்டகையின் கூரை ஓரத்தைப் பற்றிக்கொண்டதாம். அக்கம்பக்கத்தார் ஓடி வந்து அணைத்திராவிட்டால் மூன்று வாயில்லா ஜீவன்களும் போயிருக்கும். "படிகாரத் தண்ணீரைத் தெளித்தால் கூரை தீப்பிடிக்காது என்கிறார்களே, நம்பலாமா?" என்று கேட்கிறார்.

ஒன்று மாமியார் மருமகள் வழக்கு. மற்றொன்று உயிர் போகிற விவகாரம். இரண்டுக்கும் ஸம்பந்தம் இல்லை என்றுதான் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒரே கேள்விதான். எரிகிற பொருளில் எரியாத உப்பும் மண்ணும் கொஞ்சம் கலந்திருந்தால், சூடு பட்டதும் அந்தப் பொருள் எப்படிச் சிதைகிறது? இதுதான் கேள்வி.

இதற்கு விடை தேட வெகு தூரம் போக வேண்டாம். அந்தச் சகோதரியின் வீட்டுக்கு மேலேயே தணிகை மலை நிற்கிறது. டிசம்பர் 31-ந் தேதி இரவு நடக்கும் படித் திருவிழாவை நீங்கள் பார்த்திருக்கலாம். ஆண்டின் நாட்களுக்குக் கணக்காக 365 படிகள். படிக்குப் படி மஞ்சள், குங்குமம், புஷ்பம்; படிக்குப் படி கற்பூரம்; படிக்குப் படி ஒரு பாட்டு. பாடி முடித்து அடுத்த படிக்குக் கால் வைத்ததும் திரும்பிப் பாருங்கள். கற்பூரம் இருந்த இடத்தில் கொஞ்சம் கரி படிந்திருக்கும். சாம்பல் என்று ஒரு சிட்டிகை கூட இராது. கற்பூரத்தில் தாதுப் பொருள் எதுவும் இல்லை. சூடு பட்டதும் முழுவதும் ஆவியாகி, அந்த ஆவி ஜ்வாலையாக எரிந்து போய்விடுகிறது. கனிந்து நிற்கத் தணல் கிடையாது.

மலையடிவாரத்து வறட்டியோ நேர் எதிர். உலர்ந்த சாணத்தில் நூற்றுக்கு 15 முதல் 25 பங்கு வரை எரியாத பொருள். மாடு தின்ற வைக்கோலில் இருந்த மணற்சத்து, பொட்டாஷ், சுண்ணாம்பு, கூடவே தொழுவத்து மண். (திருத்தணி 1960 ஏப்ரல் முதல் தேதி வரை சித்தூர் ஜில்லாவில் இருந்த ஊர். ஆகவே அங்கே பல வீடுகளில் வறட்டியைத் தெலுங்கில் 'பிடக' என்று சொன்னாலும் விளங்கும். எந்தப் பாஷையில் சொன்னாலும் சாம்பல் அதே சாம்பல்தான்.) நல்ல விறகில் இந்தப் பங்கு ஒன்றுக்கு மேல் போவது அபூர்வம். நெல் உமியில் 20 பங்கு. நம் நாட்டு நிலக்கரியில் 30, 40 என்று கூட ஏறும்.

'எரியாதது சுமைதானே?' என்று கேட்பீர்கள். வெறும் சுமையாக இருந்தால் இந்த வாரம் எனக்கு எழுத விஷயமே இல்லை.

ஒரு வேடிக்கையைப் பாருங்கள். விறகு எரிகிறது என்று சொல்கிறோமே, விறகு அப்படியே எரிவதில்லை. ஒரு தீக்குச்சியைக் கிழித்து உற்றுப் பாருங்கள். ஜ்வாலை குச்சியைத் தொட்டுக்கொண்டு நிற்பதில்லை. சற்று விலகி நிற்கும். அங்கே எரிவது குச்சி அல்ல, குச்சியிலிருந்து கிளம்பும் ஆவி. மரம், வைக்கோல், பஞ்சு, காகிதம் எல்லாவற்றிலும் பெரும் பங்கு செல்லுலோஸ் என்ற நார்ப் பொருள். சர்க்கரைத் துணுக்குகளை மாலை மாலையாகக் கோத்தாற்போன்ற அமைப்பு அது. ஏறக்குறைய 300 டிகிரி உஷ்ணத்தை நெருங்கும்போது மாலை அறுக்கத் தொடங்குகிறது. முதலில் சிதைவு, பிறகுதான் எரிவு.

அந்தச் சிதைவுக்கு இரண்டு வழிகள் உண்டு. தணிகை மலைக்கு ஏறப் படி வழியும் இருக்கிறது, வாகனங்கள் போகும் சாலையும் இருக்கிறது அல்லவா? அது போல. முதல் வழியில் மாலை துண்டு துண்டாக அறுந்து, தார் போன்ற புகையாகவும் ஆவியாகவும் கிளம்பிவிடும். அது பற்றிக்கொண்டால் பெரிய ஜ்வாலை. இரண்டாவது வழியில் மாலை அறுந்து பறப்பதில்லை; தன்னிடம் உள்ள நீரை மட்டும் நீராவியாக விட்டுவிட்டு, கரியாக உட்கார்ந்துவிடும். கரிக்கு ஜ்வாலை இல்லை. காற்றுப் பட்டால் மெல்லக் கனியும், அவ்வளவுதான்.

எந்த வழியில் கூட்டம் ஜாஸ்தி போகிறது என்பதைத் தீர்மானிப்பது எது? சூட்டின் வேகமும் தீர்மானிக்கும். ஆனால் மிகச் சொற்ப அளவு உப்புக்குத்தான் இதில் நம்ப முடியாத செல்வாக்கு. ஆடிக் கிருத்திகையன்று அடிவாரத்தில் ஒரே ஒரு போலீஸ்காரர் கையை நீட்டி நின்றால் நூறு வண்டிகள் வேறு பக்கம் திரும்புவதைப் பார்த்திருக்கிறீர்களா? உப்பின் வேலை அந்தப் போலீஸ்காரர் வேலை.

அமெரிக்காவில் மோண்டானா சர்வகலாசாலையில் மர ரஸாயன ஆராய்ச்சிசாலையை நடத்தி வந்தவர் ஷபிஸாதே என்பவர், ஈரானில் பிறந்தவர். இந்த இரட்டை வழியை வருஷக்கணக்காக அளந்து பார்த்தவர்களில் அவர் முக்கியமானவர். சுத்தமான செல்லுலோஸைக் காற்றுப் படாமல் சூடேற்றினால் நூற்றுக்கு ஐந்தாறு பங்குதான் கரியாக மிஞ்சும். மற்றதெல்லாம் ஆவியும் தாரும் வாயுவுமாகப் போய்விடும். அதே செல்லுலோஸில் பொட்டாஷ் உப்பை நூற்றுக்கு ஒரு பங்கு சேர்த்தால் போதும். கரி இரண்டு மூன்று மடங்காகிறது, தார் அடங்கிவிடுகிறது, சிதைவும் சில பத்து டிகிரி முன்னதாகவே ஆரம்பித்துவிடுகிறது. ஒரு சிட்டிகைக்கு இவ்வளவு வேலை!

பொட்டாஷ் என்ற பெயரே அடுப்பங்கரைப் பெயர்தான். சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, பானையில் சுண்டக் காய்ச்சி எடுத்த காரம் அது. பானைச் சாம்பல் என்றுதான் அதற்கு அர்த்தம். அந்தக் காரத்தில் மின்சாரத்தைப் பாய்ச்சி 1807-ல் ஹம்ப்ரி டேவி ஓர் உலோகத்தைப் பிரித்தார். அதுதான் பொட்டாசியம். நம் பாட்டிமார்கள் அந்தச் சாம்பலைத்தான் பித்தளைப் பாத்திரம் துலக்கப் பயன்படுத்தினார்கள்.

சாம்பல் சும்மா இருப்பதில்லை என்பதை நீங்களே வீட்டில் பார்க்கலாம். கட்டிச் சர்க்கரை ஒன்றை இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். உருகும், கருகும், சொட்டும், பற்றிக்கொள்ளவே கொள்ளாது. இன்னொரு கட்டியை எடுத்து, ஒரு மூலையில் சுருட்டுச் சாம்பலையோ விறகுச் சாம்பலையோ அழுந்தத் தேயுங்கள். அந்த மூலையில் தீக்குச்சியைக் காட்டினால் நீல நிறத்தில் ஜ்வாலை கிளம்பி நிதானமாக எரியும். சாம்பல் எரியவில்லை, எரிந்து முடிந்ததும் அது அப்படியே இருக்கும். சர்க்கரையை முன்னதாகவே உடையச் செய்து, உருகியது ஓடிவிடாமல் பிடித்து வைத்துக்கொண்டது, அவ்வளவுதான். கீழே ஒரு பீங்கான் தட்டை வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளைத் தனியே செய்ய விடாதீர்கள். உருகிய சர்க்கரை கையில் பட்டால் கொதிக்கும் எண்ணெயை விடப் பொல்லாதது, ஒட்டிக்கொண்டு விடாது.

சரி, தீர்ப்புக்கு வருவோம். மாமியார் சொன்னது உண்மை. சாம்பலில் உள்ள பொட்டாஷ் வறட்டியை ஜ்வாலை வழியிலிருந்து கரி வழிக்குத் திருப்புகிறது. அது மட்டுமல்ல, உண்டான கரி காற்றோடு சேர்ந்து கனிவதற்கும் பொட்டாஷே கைகொடுக்கிறது. பற்றாக்குறைக்கு, மிஞ்சிய சாம்பல் தணலின் மேல் போர்வையாகப் படிந்து சூட்டைக் காக்கிறது. இரவு மூடி வைத்த தணலை விடியற்காலையில் கிளறி, ஊதி, புது வறட்டியை வைத்தால் பற்றிக்கொள்கிறதே, அந்த வித்தையின் ரகசியம் இதுதான். பால் சுண்டுவதற்கு அதை விட நல்ல அடுப்பு கிடையாது.

மருமகள் சொன்னதும் உண்மைதான். அவசரத்துக்கு வெந்நீர் வேண்டுமென்றால் ஜ்வாலை வேண்டும். சாம்பல் ஏற ஏற ஜ்வாலை குறையும்; ஒரு வறட்டியில் எரியக்கூடிய பங்கும் குறையும். சாணத்தில் ஏற்கெனவே ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் இருக்கும்போது, மேலும் மேலும் அள்ளிப் போட்டால் அடுப்பில் சாம்பல் அடைத்து, காற்று நுழையாமல், புகைதான் மிஞ்சும். ஆகவே சகோதரி, பாலுக்கு மாமியார் வறட்டி, குளிக்கிற வெந்நீருக்குச் சாம்பல் கலவாத வறட்டி என்று இரண்டு அடுக்காக அடுக்கி வையுங்கள். இரண்டு கட்சிக்கும் மரியாதை கிடைக்கும். சாம்பல் மீந்தால் கொல்லையில் உள்ள வாழைக்குப் போடுங்கள். பொட்டாஷுக்கு வாழை ஏங்கும்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. புகையும் ஜ்வாலையும் இல்லாமல் கனியும் தணலைப் பார்த்தால் சாதுவாகத் தெரியும். அது சாதுவே அல்ல. காற்றுப் போதாமல் கனியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு வருகிறது. நிறமில்லை, வாசனையில்லை. மலைவாசஸ்தலங்களில் குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பை வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தியை நீங்களும் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். பச்சைக் குழந்தை இருக்கும் பிரசவ அறையில் தணற்சட்டி வைக்கும் வழக்கம் உள்ள வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். புகையாவது கண்ணைக் கரிக்கச் செய்து எழுப்பிவிடும். இது எழுப்பாது.

கரித்தூளும் களிமண்ணும் சாணமும் கலந்து உருட்டிக் காயவைத்த கரி உருண்டைகளை நினைவிருக்கிறதா? சென்னையில் குமுட்டி அடுப்பு இருந்த வீடுகளில் மொட்டைமாடி முழுக்க வரிசை வரிசையாகக் காயும். களிமண் அங்கே உருண்டையைப் பிடித்து வைத்துக்கொண்டு, காற்று உள்ளே விழுந்தடித்துக்கொண்டு போகாமல் தடுத்து, தணலை நீடிக்கச் செய்தது. பிறகு நெய்வேலி பழுப்பு நிலக்கரியைச் சுட்டு, புகையும் சரக்கை முன்கூட்டியே விரட்டிவிட்டுச் செய்த 'லெகோ' வந்தது. அப்புறம் காஸ் வந்து எல்லாவற்றையும் பரண்மேல் ஏற்றிவிட்டது.

தாதுப் பொருள் கெடுதலும் செய்யும். அதற்கு உமியைப் பாருங்கள். உமிச் சாம்பலில் நூற்றுக்கு 90 பங்கு அளவில் மணற்சத்து. சுத்தமான மணற்சத்து உருகச் சுமார் 1,700 டிகிரி வேண்டும். அதோடு பொட்டாஷ் சேர்ந்துவிட்டாலோ 800 டிகிரிக்குள்ளேயே இளகிக் கண்ணாடி போலாகிவிடும். உமியை வேகமாக, கடும் சூட்டில் எரித்தால் இந்தக் கண்ணாடி கரியின் மேல் மூடிக்கொள்கிறது. உள்ளே அகப்பட்ட கரிக்குக் காற்றுக் கிடைக்காது. ஆகவே எவ்வளவு நேரம் எரித்தாலும் சாம்பல் கறுப்பாகவே நிற்கும். உமியை முதலில் புளிப்பு நீரில் ஊறவைத்துக் கழுவிப் பொட்டாஷை இறக்கிவிட்டு எரித்தால், அதே உமி வெள்ளை வெளேரென்று சாம்பலாகிறது. பெர்க்கிலியில் பேராசிரியராக இருந்த குமார் மேத்தா என்ற நம் நாட்டவர் 1970-களில், சூட்டை அடக்கி எரித்த உமிச் சாம்பலைச் சிமெண்டோடு கலக்கலாம் என்று காட்டினார். அங்கேயும் ரகசியம் அதே நிதானம்தான்.

விபூதி செய்கிறவர்கள் இந்த நிதானத்தைப் பரம்பரையாக அறிந்தவர்கள். சாணத்தை உருண்டையாக்கிக் காயவைத்து, நெற்பதர் குவியலுக்குள் புதைத்து, ஜ்வாலை எழாமல் நாட்கணக்கில் மூட்டம் போடுவார்கள். உமிக்குச் சொன்ன கணக்கைச் சாணத்துக்கும் போட்டுப் பாருங்கள். அதிலும் மணற்சத்தும் பொட்டாஷும் உண்டு. ஜ்வாலை ஏறினால் இளகி, கரி உள்ளே அகப்பட்டு, திருநீறு கறுத்துப் போகும். மெல்லக் கனிந்தால் கரி முழுவதும் போய் வெள்ளை மட்டும் நிற்கும்.

திருத்தணிக்குப் பக்கத்தில் திருவாலங்காட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பது அந்த வட்டாரத்தாருக்குத் தெரியும். சர்க்கரை ஆலைகளில் கொதிகலனுக்குக் கரும்புச் சக்கைதான் எரிபொருள். காய்ந்த கரும்புச் சோகையைக் கழனியிலேயே கொளுத்துகிறார்களே, அதையும் கொண்டுபோய்க் கொதிகலனில் போட்டால் என்ன என்று பலர் கேட்பதுண்டு. போடலாம், ஆனால் ஒரு சங்கடம். சக்கை ஆலையில் பிழியப்படும்போது தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கழுவப்படுகிறது. கரையக்கூடிய பொட்டாஷெல்லாம் சாறோடு போய்விடுகிறது. சோகையை யார் கழுவுகிறார்கள்? அதிலுள்ள பொட்டாஷும் மணற்சத்தும் அடுப்பில் சேர்ந்து உருகி, கொதிகலன் குழாய்களின்மேல் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும். சூடு தண்ணீருக்குப் போகாது. கடைசியில் ஆலையை நிறுத்திச் சுத்தியல் கொண்டு உடைக்க வேண்டியதுதான்.

இதற்கு மருந்தாக இஞ்சினீயர்கள் கலப்பது என்ன தெரியுமா? வெள்ளைக் களிமண்! கயோலின் என்று பெயர். பீங்கான் செய்யும் மண். அது பொட்டாஷைத் தன்னோடு சேர்த்துப் பிடித்து, எளிதில் உருகாத வேறு பொருளாக்கிவிடும். ஒரு மண் செய்த தொல்லையை இன்னொரு மண் தீர்க்கிறது. நிலக்கரித் தூளோடு சுண்ணாம்பைச் சேர்த்தால் கந்தகப் புகை அடங்குவதும் இந்த ரகம்தான்.

இனி அந்த இரண்டாவது கேள்வி. உயிர் விஷயம், ஆகவே சற்று நிதானமாகவே பார்க்கலாம்.

பொட்டாஷ் தணலை வளர்க்கிறது என்றோம். தணலைக் கொல்கிற உப்புகளும் இருக்கின்றன. தீக்குச்சியை ஊதி அணைத்தவுடன் கவனியுங்கள். நல்ல குச்சியானால் முனையில் சிவப்புக் கங்கு நிற்காது, உடனே கறுத்துவிடும். குச்சியை அம்மோனியம் பாஸ்பேட் கரைத்த தண்ணீரில் நனைத்து உலர்த்தியதன் பலன் அது. பாஸ்பேட் குச்சியைக் கரி வழிக்குத் திருப்புவதோடு, அந்தக் கரி கனியாமலும் தடுத்துவிடும். அணைத்த குச்சி தவறிப்போய் வைக்கோலிலோ குப்பையிலோ விழுந்தாலும் ஆபத்து குறைவு. மட்டமான குச்சியில் கங்கு சில விநாடி நின்று எரியும். அடுத்த தடவை தீப்பெட்டி வாங்கும்போது பரீக்ஷை செய்து பாருங்கள்.

பஞ்சு மெத்தை இதற்கு எதிரிடை. பருத்தி நாரில் இயற்கையாகவே பொட்டாஷ் உண்டு. அதனால்தான் ஒரு பீடிக் கங்கு விழுந்தால் மெத்தை ஜ்வாலையில்லாமல் உள்ளுக்குள்ளேயே மணிக்கணக்கில் கனிந்துகொண்டு போகிறது. ஆராய்ச்சிசாலையில் பருத்தியைச் சுத்த நீரில் நன்றாக அலசி அந்த உப்பை நீக்கிப் பார்த்தார்கள். கங்கு பரவாமல் நின்றுவிட்டது. உப்பை மறுபடி ஏற்றியதும் மறுபடி பரவியது. வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த தூளைப் பஞ்சில் சேர்ப்பது ஒரு பழைய பாதுகாப்பு. வெண்காரம் ஜ்வாலையை அடக்கும். போரிக் அமிலம் கங்கை அடக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் காரியம் ஆகும்.

படிகாரத்தின் பெருமையும் புதிதல்ல. கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமானியத் தளபதி சுல்லா ஏதென்ஸ் நகரத்துத் துறைமுகத்தை முற்றுகையிட்டபோது, எதிரிகளின் மரக் கோபுரத்துக்கு நெருப்பு வைத்தும் அது பற்றவே இல்லை. படிகாரத்தைப் பூசியிருந்தார்கள் என்று பழைய ரோமானிய நூலாசிரியர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். பிரான்ஸ் தேசத்தில் நாடகக் கொட்டகைத் திரைச்சீலைகள் தீப்பிடிப்பதைத் தடுக்க வழி தேடிய கே-லுஸாக் என்ற ரஸாயன மேதை, 1821-ல் அம்மோனியம் பாஸ்பேட்டையும் வெண்காரத்தையும் சிபார்சு செய்தார். திரைச்சீலைக்கு அது பொருத்தம். திரைச்சீலை மழையில் நனைவதில்லை.

கூரை நனைகிறதே! படிகாரம், வெண்காரம், அம்மோனியம் பாஸ்பேட் எல்லாம் தண்ணீரில் கரையும் உப்புகள். சித்திரையில் தெளித்ததை ஒரு கோடை மழையே கழுவிவிடும். ஐப்பசி அடைமழைக்குப் பிறகு ஒரு துளியும் மிஞ்சாது. படிகாரத்துக்குப் புளிப்புத் தன்மை வேறு உண்டு. நாளடைவில் ஓலையை இற்றுப்போகச் செய்யும். போதாக்குறைக்கு, 'மருந்து தெளித்த கூரை' என்ற தைரியத்தில் அடுப்பை இன்னும் கிட்டக் கொண்டுபோய் வைக்கத் தோன்றும். ஆகவே சகோதரி, படிகாரத்தை நம்ப வேண்டாம்.

கும்பகோணத்தில் 2004-ம் வருஷம் ஜூலை 16-ந் தேதி நடந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. பள்ளிக்கூடச் சமையற்கட்டில் கிளம்பிய தீ, கீற்றுக் கூரைக்குத் தாவி, 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரையே கூடாது என்று அப்புறப்படுத்தினார்கள். கீற்று ஏன் அவ்வளவு பொல்லாதது? மெல்லிய ஓலை, உள்ளே நிறையக் காற்று, வெயிலில் காய்ந்த உடம்பு. மளமளவென்று சூடேறி, ஆவி வழியிலேயே சிதைந்து, ஜ்வாலையாகவே எரியும். உட்கார்ந்து கரியாக அதற்கு அவகாசமே கிடையாது.

அப்படியானால் என்ன செய்வது? மண்தான். கரையும் உப்பு அல்ல, கரையாத மண். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சிக் கழகத்தார், கூரைக்கு மண் பூச்சு ஒன்றை வகுத்துக் கொடுத்திருக்கிறார்கள். மண்ணோடு தார் வகைப் பொருளைச் சேர்த்துப் பிசைவதால் மழையில் கரையாது. களிமண் பூச்சு செய்வதில் ரஸாயன மாயம் ஒன்றும் இல்லை. ஓலைக்குச் சூடு எட்டாமலும் காற்று எட்டாமலும் மறிக்கிறது. பொறி வந்து விழுந்தால் மண்ணின்மேல் விழுந்து சாகும். கூரையின் மேற்புறத்துக்கு மட்டும் பூசிவிட்டு நின்றுவிடாதீர்கள். அடுப்பைப் பார்த்த பக்கத்து இறவாரமும் அதன் அடிப்புறமும்தான் முக்கியம். பொறி முதலில் தொடுவது அங்கேதான். கூரையின் பாரம் கூடும். ஆகவே பூசுவதற்கு முன் மூங்கிலும் வாரையும் தாங்குமா என்று ஒரு கொத்தனாரையோ தச்சரையோ அழைத்துக் காட்டிவிடுங்கள். வசதி இருந்தால் அந்த ஒரு பக்கத்துக்காவது கீற்றை எடுத்துவிட்டுத் தகரம் போடுவது இன்னும் நல்லது.

அதைவிட முக்கியம், அள்ளிய சாம்பல் எங்கே போகிறது என்பது. பொறி அடுப்பிலிருந்துதான் பறக்க வேண்டும் என்பதில்லை. மாமியார் கலந்த சாம்பலின் புண்ணியத்தால் உங்கள் வறட்டித் தணல் மறுநாள் வரை உயிரோடு இருக்கும் என்று பார்த்தோம். மேலே வெள்ளையாக ஆறினாற்போல் தெரியும் சாம்பலைக் காலையில் கூடையில் அள்ளி வைக்கோற்போர் ஓரம் கொட்டினால், உச்சிவேளைக் காற்றில் அது கண் விழிக்கும். தகரச் சட்டியில் அள்ளி, தண்ணீர் தெளித்து, கையை வைத்துப் பார்த்து, சில்லென்று ஆன பிறகே கொட்டுங்கள். சாணத்தில் பிசைவதற்கு எடுப்பதும் அந்த ஆறிய சாம்பலாகவே இருக்கட்டும். கொட்டகையில் மாட்டின் தும்பை ஒரே இழுப்பில் அவிழும்படி முடிந்து வையுங்கள். தீ வரும் நேரத்தில் கடும் முடிச்சை அவிழ்க்க விரல் வராது. மண் பூச்சு வெயிலில் வெடிக்கும். மாசி முடிவதற்குள் வெடிப்புகளை ஒரு தடவை மெழுகிவிடுங்கள். பங்குனிக் காற்று தொடங்கிவிட்டால் அப்புறம் ஏணி வைக்க நேரம் இராது.